செகண்ட்ஹேண்ட் காடி: கிரானில் இல்லாத கதையை எங்கே படிப்பது?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பிறையில், காடிகளுக்கு (கார்களுக்கு) இன்சூரன்ஸ், ரோட் டேக்ஸ், பெயர் மாற்றம் என்று தாள் வேலை பார்த்துப் பிழைப்பவன் நான். காடியை வாங்கி முடித்த பிறகுதான் பலரும் என் மேசைக்கு வருகிறார்கள். "அண்ணே, இது சரியான காடிதானே?" என்று அப்போது கேட்டால் என்ன சொல்வது? முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு காடியின் முழு வரலாற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வழியில்லையா?

இல்லை. உரிமையாளர் யார் என்பது ஜேபிஜே என்னும் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் இருக்கிறது. கடன் பாக்கி பேங்கில். சம்மன் போலீசிடம் கொஞ்சம், ஜேபிஜேயிடம் கொஞ்சம், மாநகராட்சியிடம் கொஞ்சம். மோதிய கதை இன்சூரன்ஸ் கம்பெனியில், ஓடிய கிலோமீட்டர் சர்விஸ் சென்டரில். மிச்சமெல்லாம் இரும்பில் இருக்கிறது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்க்கும்போது சுத்தமாகத்தான் தெரியும். இரண்டை அருகருகே வைத்து, தேதியும் எண்ணும் ஒத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டும். பொய் சொல்பவன் ஒரு தாளைத் திருத்துவான், ஐந்து இடத்தில் திருத்த மறந்துவிடுவான்.

கிரானில் எதைப் பார்க்க வேண்டும்?

கிரான் என்பது காடியின் பதிவுப் பத்திரம். முதலில், விற்பவரின் ஐசியில் (அடையாள அட்டை) உள்ள பெயரும் கிரானில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். "என் மச்சான் பேர்ல இருக்கு, அவரு ஜொகூர்ல இருக்காரு" என்றால் மச்சான் வரட்டும். வாட்ஸ்அப்பில் வரும் கிரான் படத்தை நம்பி ஒரு வெள்ளிகூட (ரிங்கிட்) கொடுக்க வேண்டாம்.

அடுத்து சேசி நம்பர். கிரானில் உள்ள எண்ணை ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக் காடியில் பொறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பெரோடுவா என்றால் பிஎம்2 என்றும், புரோட்டோன் என்றால் பிஎல்1 என்றும், இங்கே பூட்டிய ஹோண்டா என்றால் பிஎம்எச் என்றும் தொடங்கும். எழுத்துகளின் இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா, சுற்றிலும் வெல்டிங் தடமோ புது பெயின்ட்டோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். திருடிய காடிக்கு நொறுங்கிப்போன காடியின் எண்ணை ஒட்டும் வேலை நம் ஊரில் புதிதல்ல. இரண்டு காடியின் பாதிகளை ஒட்டிய 'போத்தோங்' காடியும் இந்த இடத்தில்தான் மாட்டும்.

தயாரித்த ஆண்டும் பதிவு செய்த தேதியும் வேறு வேறு. 2015இல் செய்து 2016இல் பதிவான காடியை விற்பவர் "2016 மாடல்" என்பார். அது பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. விலை பேசும்போது அந்த ஒரு வருடத்தை நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

கடைசியாக, பேங்கின் உரிமைக் கோரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடன் முடியவில்லை, அல்லது முடிந்தும் பேங்க் இன்னும் ஜேபிஜேயில் விடுவிக்கவில்லை. இரண்டில் எதுவானாலும் பெயர் மாறாது.

நம்பர் பிளேட்டை வைத்து வயதைச் சொல்ல முடியுமா?

முடியாது. நம் நாட்டில் எண்ணை ஒரு காடியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். பத்து வருடக் காடிக்குப் போன மாத நம்பர் இருக்கும். கேவி என்று தொடங்கும் லங்காவித் தீவுக் காடி மலிவாக வருகிறதே என்று மட்டும் பாய்ந்துவிடாதீர்கள். அது வரி விலக்கு பெற்ற காடி. பினாங்கிலேயே நிரந்தரமாக வைத்து ஓட்ட வேண்டுமானால் சுங்கத் துறையில் வரி கட்டியாக வேண்டும்.

"புஸ்பாகோம் பாஸ்" என்கிறார்களே, அப்படியென்றால் மோதாத காடிதானே?

புஸ்பாகோம் என்பது வாகனச் சோதனை நிறுவனம். வாரத்தில் ஒருவராவது இதைக் கேட்கிறார். பெயர் மாற்றத்துக்கு எடுக்கும் பி5 சோதனை, இந்தக் காடி கிரானில் சொன்ன காடிதானா என்று பார்ப்பது. எஞ்சின் நம்பர், சேசி நம்பர், கண்ணாடியின் கறுப்பு, சட்டத்துக்குப் புறம்பான மாற்றங்கள் என்று அதன் கவலை அவ்வளவுதான். லோன் போடுவதானால் பேங்க் கேட்கும் பி7 இன்னும் கொஞ்சம் ஆழம் போகும். இரண்டுமே "இது வெள்ளத்தில் நின்றதா, மீட்டர் குறைத்ததா" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதற்காக வந்தவை அல்ல. பாஸ் தாளைக் கண்ணாடியில் ஒட்டி வைத்து விலை கேட்பவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

1994இலிருந்து முப்பது ஆண்டுகள் இந்த வேலை புஸ்பாகோம் ஒன்றின் கையில்தான் இருந்தது. 2024இல் அந்தத் தனியுரிமை முடிந்து, வேறு நிறுவனங்களும் சோதனை செய்ய வழி திறந்திருக்கிறது. ஆனால் ஊரில் எல்லாருக்கும் இன்னும் அது "புஸ்பாகோம்"தான்.

மீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு தம்பி வெள்ளிநிற மைவி ஒன்றைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். மீட்டரில் 68,000. சீட் உறை புதிது, ஸ்டீரிங் உறை புதிது, உள்ளே எலுமிச்சை வாசனை. பொனட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியின் பக்கவாட்டைத் துடைத்தேன். எண்ணெய் மாற்றிய பெங்கேல் (பட்டறை) ஒட்டிய சின்ன ஸ்டிக்கர், பாதி கிழிந்திருந்தது. அதில் பேனாவால் எழுதியது மங்கலாகத் தெரிந்தது: 112,340. கதவோரத்தில் இருந்ததை உரித்தவர் இதை மறந்துவிட்டார். விற்பவரிடம் காட்டினேன். "அது வேற காடி ஸ்டிக்கர் பாஸ்" என்றார். நம்பர் பிளேட் அதிலேயே எழுதியிருந்தது.

எல்லா முறையும் இப்படி அதிர்ஷ்டம் அமையாது. அதனால் முதலில் கணக்குப் போடுங்கள். "காடிக்காரர் எங்கே வேலை பார்த்தார்?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். பிறையிலிருந்து பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குப் போனவர் என்றால் போக வர ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் இருபத்தைந்து நாள், வருடத்துக்கு 12,000. ஒன்பது வருடத்தில் வேலைக்கு மட்டுமே 108,000. தீபாவளிக்கு ஊருக்குப் போனது, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போனது, பிள்ளையை டியூஷனுக்கு விட்டது எல்லாம் தனி. அந்தக் காடியில் மீட்டர் 61,000 காட்டினால் ஒன்று வேலை பொய், இல்லை மீட்டர் பொய்.

பிறகு சர்விஸ் புத்தகம். புத்தகத்தில் முத்திரை இருந்தால் போதாது, முத்திரை போலியாகவும் இருக்கும். கம்பெனி சர்விஸ் சென்டரில் பார்த்து வந்த காடி என்றால் அவர்களுடைய கணினியில் ஒவ்வொரு வருகையின் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். விற்பவரையே உடன் அழைத்துக்கொண்டு போய் அந்தப் பதிவை எடுத்துத் தரச் சொல்லுங்கள். "நேரமில்லை" என்று மழுப்பினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

பிரேக் பெடலின் ரப்பரையும் பாருங்கள். புதிதாக மாட்டிய ரப்பரும், வழுவழுவென்று தேய்ந்த ரப்பரும் குறைந்த கிலோமீட்டர் காடியில் இருக்க நியாயமில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2321 என்றால் 2021இன் 23ஆவது வாரம் செய்தது. மூன்று வருடக் காடி, 30,000 கிலோமீட்டர் என்கிறார்கள், ஆனால் நான்கு டயரும் போன மாதம் செய்தவை. ஏன் என்று கேளுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய காடியை எப்படி அடையாளம் காண்பது?

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு இங்கே பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தீவிலும் செபராங் பிறையிலும் எத்தனை காடிகள் கூரை வரை நின்றன! 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா பக்கம் அதைவிட மோசம். அப்படி மூழ்கிய காடிகள் எல்லாம் இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. கழுவி, காயவைத்து, வேறு மாநிலத்தில் விற்கப்படுவதும் உண்டு.

சீட் பெல்ட்டை முழுவதுமாக, இனி வராது என்னும் வரை வெளியே இழுங்கள். கடைசி ஒரு முழத்தை யாரும் துவைப்பதில்லை. அங்கே வெளுத்த கோடோ மண் படிவோ இருந்தால் தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்பதையே அது சொல்லிவிடும். வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துப் பாருங்கள். அடுத்து, முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, அதன் தண்டவாளத்தையும் போல்ட்டையும் பாருங்கள். பின் பூத்தில் ஸ்பேர் டயரைத் தூக்கி அந்தக் குழியைத் தடவுங்கள். ஸ்டீரிங்குக்குக் கீழே தலையை விட்டு, ஃபியூஸ் பெட்டி, வயர் இணைப்புகளைப் பாருங்கள். செம்பில் பச்சை பூத்திருக்கக் கூடாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பினாங்கில் கடற்கரை ஓரத்தில் நிற்கும் காடிகளுக்கு உப்புக் காற்றால் துரு பிடிக்கும். அதைப் பார்த்து வெள்ளக் காடி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். உப்புத் துரு வெளியே, சக்கர வளைவிலும் கதவின் கீழ் விளிம்பிலும் தொடங்கும். சீட்டின் அடியில், கார்பெட்டுக்குக் கீழே, காற்றே போகாத இடத்தில் துரு இருந்தால்தான் தண்ணீர் உள்ளே வந்தது என்று பொருள்.

ஜன்னல் எல்லாம் அடைத்து, ஏசியை நிறுத்திப் பத்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். வாசனைத் திரவம் தோற்று ஈர மணம் மேலே வரும். வாசனை போத்தல் மூன்று தொங்கினால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும்.

விபத்துக் கதை இன்சூரன்ஸில் தெரியுமா?

ஓரளவு தெரியும். இன்சூரன்ஸ் துறைக்குத் தகவல் திரட்டும் ஐஎஸ்எம் நிறுவனத்தின் மைகார்இன்ஃபோ தளத்தில் காடியைப் பற்றிய விவரங்களைத் தேடலாம். அங்கே எதுவும் இல்லை என்றால் காடி மோதவே இல்லை என்று அர்த்தமாகாது. கையிலிருந்து காசு போட்டுச் சரிசெய்தது எந்தக் கணினிக்கும் போகாது.

என் மேசையில் நான் முதலில் கேட்பது விற்பவரின் கடைசி இரண்டு மூன்று வருட இன்சூரன்ஸ் தாள்களைத்தான். அதில் என்சிடி என்று, கிளெய்ம் செய்யாதவருக்குத் தரும் கழிவின் விழுக்காடு இருக்கும். கிளெய்ம் எதுவும் செய்யாமல் இருந்தால் சொந்தக் காடிக்கு அது 25, 30, 38.33, 45, 55 என்று வருடாவருடம் ஏறும். முந்திய வருடம் 55, இந்த வருடம் சுழியம் என்றால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது. என்ன நடந்தது என்று நேராகக் கேளுங்கள். இதற்கும் விதிவிலக்கு உண்டு: என்சிடி ஆளுக்குத்தான், காடிக்கு அல்ல. அவர் அதை வேறு காடிக்கு மாற்றியிருக்கலாம். தப்பு எதிராளி மேல் என்றால் கிளெய்ம் செய்தும் அது குறையாமல் இருக்கலாம். அதனால் இது தீர்ப்பு அல்ல, துப்பு.

அந்தத் துப்பை எடுத்துக்கொண்டு இரும்பிடம் போக வேண்டும். பொனட், முன் மட்கார்டு, கதவுக் கீல் ஆகியவற்றின் போல்ட் தலைகளைப் பாருங்கள். கம்பெனியில் பூட்டிய போல்ட்டில் பெயின்ட் முழுதாக இருக்கும். ஸ்பேனர் பட்டால் முனை உரிந்திருக்கும். மட்கார்டு மாற்றியது பெரிய விஷயமில்லை, நம் ஊர் மோட்டார்சைக்கிள்கள் உரசாத காடி எது? சேசி வளைந்து நிமிர்த்தியதுதான் பயம். முன் விளக்குகளுக்குப் பின்னால் நீளும் இரண்டு இரும்புத் தண்டிலும் சுருக்கமோ, புது வெல்டிங்கோ இருந்தால் விலையைக்கூடக் கேட்காமல் வந்துவிடுங்கள்.

சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருப்பார்கள்.

பழைய ஹோண்டாவுக்குத் தனியாக ஏதோ பார்க்க வேண்டும் என்றார்களே?

ஆமாம். தகாத்தா என்ற கம்பெனி செய்த ஏர்பேக். அதை ஊதவைக்கும் மருந்து வெக்கையிலும் ஈரத்திலும் வருடக் கணக்கில் கெட்டுப்போய், வெடிக்கும்போது இரும்புத் துண்டைச் சிதறடிக்கும். நம் சீதோஷ்ணம் அதற்கு வாகானது. 2014இல் சிபுவில் ஹோண்டா சிட்டி ஓட்டிய கர்ப்பிணி ஒருவர் சிறு விபத்திலேயே இதனால் இறந்தார். 2000களில் வந்த சிட்டி, ஜாஸ், சிவிக், அக்கோர்ட், சிஆர்வி எதை வாங்கினாலும் சேசி நம்பரைக் கொடுத்து, மாற்றியாகிவிட்டதா என்று கம்பெனியில் கேளுங்கள். மாற்றித் தர காசு வாங்குவதில்லை. கைமாறிக் கைமாறி வந்த காடிகளுக்குத்தான் கம்பெனிக் கடிதம் போய்ச் சேராமல் இருக்கும்.

"சம்புங் பாயார்" மலிவாகக் கிடைக்கிறதே, எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். வேறொருவரின் லோனை நீங்கள் மாதாமாதம் கட்டுகிறீர்கள், காடி பேங்கினுடையது, பெயர் அவருடையது. உங்களுக்கு மிஞ்சுவது ஒரு சாவியும் ஒரு காகிதமும். அவர் பேங்கோடு தகராறு செய்தால் ஒரு நாள் காலையில் காடி இழுத்துக்கொண்டு போகப்பட்டிருக்கும். கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி இது செல்லாத ஏற்பாடு. கொடுத்தவருக்கும் இதே கதிதான்: எடுத்தவன் கட்டாமல் ஓடினால் பேங்க் கருப்புப் பட்டியலில் ஏறுவது அவர் பெயர். உறவுக்குள்தானே என்று செய்து, கடைசியில் இரண்டு குடும்பமும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன்.

கிராப் ஓட்டிய காடி என்று எப்படித் தெரியும்?

டாக்சி என்றால் எச் எழுத்து பிளேட் காட்டிக்கொடுக்கும். கிராப் (போன் செயலியில் கூப்பிடும் வாடகைக் காடி) சாதாரண பிளேட்டிலேயே ஓடும். இடது பின்கதவைப் பாருங்கள். அந்தக் கைப்பிடியும் வாசற்படிப் பிளாஸ்டிக்கும் மற்றக் கதவுகளைவிட அதிகமாகக் கீறியிருக்கும், ஏனென்றால் பயணி ஏறுவது அந்தப் பக்கம். ஓட்டுநர் சீட்டின் வலது விளிம்பு அமுங்கியிருக்கும். முன் கண்ணாடியில் ஸ்டிக்கர் உரித்த பிசுக்கும், போன் தாங்கியின் வட்டத் தடமும் இருக்கும். ஒழுங்காக எண்ணெய் மாற்றிய கிராப் காடி கெட்ட காடி அல்ல, ஆனால் விலை அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும்.

ரிகண்ட் காடிக்கு?

ரிகண்ட் என்பது வெளிநாட்டில் ஓடிப் பிறகு இங்கே இறக்குமதியான காடி. ஜப்பானிலிருந்து வந்தது என்றால் ஏலத் தாளைக் கேளுங்கள். 4.5, 4 என்பவை நல்ல தரம். ஆர் அல்லது ஆர்ஏ என்றிருந்தால் அடிபட்டுச் சரிசெய்தது. தாளில் வரைந்திருக்கும் காடிப் படத்தில் ஏ என்பது கீறல், யு என்பது பள்ளம், டபிள்யூ என்பது தட்டிச் சரிசெய்த இடம், இரட்டை எக்ஸ் என்பது மாற்றிய பாகம். தாளில் உள்ள சேசி நம்பர் காடியோடு பொருந்த வேண்டும், இதைத்தான் பலர் பார்ப்பதில்லை. பிரிட்டனிலிருந்து வந்தது என்றால் அங்கே அதற்கிருந்த எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் அரசாங்கத் தளத்தில் எம்ஓடி என்னும் வருடாந்தர வாகனச் சோதனையின் வரலாறு இலவசம், ஒவ்வொரு சோதனையிலும் எவ்வளவு ஓடியிருந்தது என்று மைல் கணக்கில் இருக்கும். மூன்று வருடத்துக்குள் வந்த காடிக்கு அந்தப் பதிவு இருக்காது.

சம்மன் பாக்கி?

மைபாயார் பிடிஆர்எம்மில் போலீஸ் சம்மனையும், மைஜேபிஜேயில் ஜேபிஜே சம்மனையும் விற்பவர் தன் போனிலேயே உங்கள் முன் திறந்து காட்டட்டும். பார்க்கிங் குற்றப்பணம் அங்கே வராது, அது பினாங்குத் தீவு மாநகராட்சி, செபராங் பிறை மாநகராட்சி என்று தனி.

இறந்துபோன பெரியப்பாவின் காடியைப் பெரியம்மா விற்கிறார். வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் பெரியம்மாவின் கையெழுத்து போதாது. சொத்தைக் கையாள அமானா ராயாவோ (அரசு அறங்காவல் நிறுவனம்) நீதிமன்றமோ தரும் அதிகாரக் கடிதம் இல்லாமல் ஜேபிஜே பெயரை மாற்றாது. அது கைக்கு வரும் வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் என்னிடம் அனுப்புங்கள், நான் சொல்கிறேன்.

ஓட்டிப் பார்க்கும்போது என்ன செய்ய வேண்டும்?

"நான் வரும் வரை எஞ்சினை முடுக்க வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனதும் பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கத்தான் சூடேற்றியிருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின்தான் புகையையும் சத்தத்தையும் காட்டும். பிறகு குடியிருப்புத் தாமானுக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பாதீர்கள். தீவில் என்றால் ஜாலான் துன் சார்டோன் வழியாக பாலேக் பூலாவ் பக்கம் ஏறுங்கள். கியர் நழுவுவதும், வெப்பமானி ஏறுவதும், இறங்கும்போது பிரேக் நடுங்குவதும் அந்த வளைவுகளில் தெரிந்துவிடும். சாத்தே வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருகிற நேரத்தில் காடி நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

மெக்கானிக்கைக் கூட்டிப் போனால் தவுக்கே (கடை முதலாளி) கோபித்துக்கொள்கிறாரே?

கோபித்துக்கொள்ளட்டும். வேறு கடை இருக்கிறது.

ஏமாந்துவிட்டேன். இனி எங்கே போவது?

கடையில் வாங்கியிருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை நீங்களே பதிவு செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. தனி ஆளிடம் வாங்கியிருந்தால் அந்த மன்றம் எடுக்காது, நீதிமன்றம்தான். தமிழில் பேசி ஆலோசனை கேட்க விரும்புகிறவர்களுக்கு ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது.

எங்கே போனாலும் முதலில் கேட்பது, விற்றவர் என்ன சொன்னார் என்பதற்குச் சான்று. அதனால் பணம் கொடுக்கும் நாளிலேயே ரசீதில் மூன்று வரி எழுதி வாங்குங்கள்: மீட்டரில் இத்தனை கிலோமீட்டர், வெள்ளத்தில் மூழ்கியதில்லை, சேசி அடிபட்டதில்லை. கீழே கடை முத்திரை, கையெழுத்து. அந்த மூன்று வரியை எழுதச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தவர்களை நான் நாலைந்து பேராவது பார்த்திருக்கிறேன். அன்று முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.